கட்டம் எண்ணி வரைகிற படம்

தோடர் பெண்கள் துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை. பென்சில் கிடையாது, கார்பன் தாள் கிடையாது, துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம்கூடக் கிடையாது. மடியில் கிடக்கும் வெளிர் பருத்தித் துணியின் இழைகளை ஊசி நுனியால் எண்ணுகிறார்கள். இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்கு அடியிலே, மறுபடி மேலே. சிவப்பு நூலும் கறுப்பு நூலும் வரிவரியாக ஏறுகின்றன. கொஞ்ச நேரத்தில் எருமைக் கொம்பு தெரிகிறது, அல்லது தேனடையின் அறுகோணம், அல்லது முயல் காது. கணக்கு முழுவதும் மனத்தில் இருக்கிறது. ஒரு வரியில் இழை பிசகினால் அதற்கு மேலே வரும் எல்லா வரியும் பிசகும் என்பதால், பேசிக்கொண்டே தைக்கும்போதும் அவர்களுடைய கண் துணியை விட்டு அகலாது.

2013இல் இந்தப் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரியின் மேட்டுநிலத்தில், மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழும் தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான். அவர்களுடைய மொழியை 1930களில் இங்கே தங்கி ஆராய்ந்த எமனோ என்ற மொழியியலாளர், உடையையும் தையலையும் பற்றி 1937இலேயே தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தத் தையலை எங்கே பார்த்தாலும் எனக்குக் கம்ப்யூட்டரில் இருக்கும் பெயிண்ட் புரோகிராம்தான் நினைவுக்கு வரும். இரண்டிலும் வேலை ஒன்றே: கட்டத்தை எண்ணு, நிறத்தைத் தீர்மானி, நிரப்பு.

நான் குன்னூரில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் வருவார்கள். பெரும்பாலும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள். நானும் லைன் வீட்டில் வளர்ந்தவள்தான். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அரசின் டான்டீ தோட்டத்தில் வேலை செய்தார்கள். இந்தப் பிள்ளைகள் வீட்டில் கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தால், அது அனேகமாக அண்ணனோ அக்காவோ பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு லேப்டாப்தான். 2011இல் தொடங்கிய திட்டம் அது. பல லேப்டாப்களில் பேட்டரி போய்விட்டது, சார்ஜர் சொருகினால்தான் எழும்பும். இன்டர்நெட் இருக்காது. ஆனாலும் அதில் பெயிண்ட் இருக்கும். 1985இல் வந்த முதல் விண்டோஸிலேயே இருந்த புரோகிராம் அது. 2017இல் மைக்ரோசாப்ட் இதைக் கைவிடப்போகிறது என்று செய்தி வந்ததும் உலகம் முழுக்க ஆட்கள் வருத்தப்பட்டு எழுதினார்கள், அதனால் அது பிழைத்துக்கொண்டது. எனக்கு அதில் பெரிய நிம்மதி. "எனக்கு வரையவே வராது டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைக்கு முதலில் கொடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது எண்களின் வரிசை. 1957இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், மூன்று மாதக் குழந்தையாக இருந்த தன் மகனின் போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். அகலத்தில் 176 கட்டம், உயரத்தில் 176 கட்டம். இன்று நம் கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்தக் குழந்தை முகத்தின் வழியில் வந்ததுதான், கட்டங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிட்டன, அவ்வளவே. பிக்சல் ஓவியம் வரைகிறவர் அந்தக் கட்டத்தை மறைக்காமல், ஒவ்வொன்றையும் தன் கையால் வைக்கிறார்.

இதைப் பிள்ளைகளுக்கு நிரூபித்துக் காட்டலாம். 32க்கு 32 கட்டத்தில் ஒரு படம் வரைந்து, 24 பிட் பிஎம்பி வகையில் சேமித்து, ஃபைலின் அளவைப் பார்க்கச் சொல்வேன். 3,126 பைட் என்று காட்டும். 32ஐ 32ஆல் பெருக்கினால் 1,024 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக 3,072. மிச்சம் 54 பைட்டில், படம் எத்தனை அகலம், எத்தனை உயரம் என்பது போன்ற விவரம் இருக்கிறது. பேப்பரில் கணக்குப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்து இரண்டும் ஒத்துப்போகும்போது, அந்தப் பெட்டிக்குள் மாயம் ஏதும் இல்லை என்று ஒரு பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, வரையத் தொடங்கலாம். பெயிண்டைத் திறந்ததும் கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு ஈ என்ற எழுத்தைத் தட்டுங்கள். அகலம், உயரம் கேட்கும் பெட்டி வரும். அலகு பிக்சலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, இரண்டிலும் 16 போடுங்கள். வெள்ளைத் தாள் சுருங்கி மூலையில் ஒரு பொட்டளவுக்கு ஆகிவிடும். பயப்பட வேண்டாம், பெரிதாக்கிப் பார்க்கும் வசதியில் 800 சதவீதம் வரை போங்கள். கன்ட்ரோலோடு ஜி தட்டினால் கட்டக்கோடுகள் தெரியும். கருவிகளில் பென்சிலை மட்டும் எடுங்கள், அதன் பருமன் ஒரு பிக்சலாக இருக்க வேண்டும். பிரஷ் பக்கம் போகாதீர்கள். அது ஓரங்களை மழுப்பி, நீங்கள் வைக்காத இடைநிறங்களையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். பென்சிலில் இன்னொரு வசதியும் உண்டு: மவுஸின் இடது பட்டன் முதல் நிறம், வலது பட்டன் இரண்டாவது நிறம். ஒன்றில் நிறத்தையும் மற்றதில் வெள்ளையையும் வைத்துக்கொண்டால், வலது பட்டனே ரப்பர். தப்பினால் கன்ட்ரோலோடு இசட்.

முதல் பாடமாக நான் வைப்பது தேயிலைக் கொழுந்து: ரெண்டு இலை, ஒரு மொட்டு. எங்கள் பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டிய தேவையில்லை. இடமிருந்து எட்டாவது கட்டத்தில் தண்டை நிறுத்துங்கள், மேலிருந்து ஒன்பதாவது வரியில் தொடங்கிப் பதினைந்தாவது வரி வரை. அதே நெட்டு வரியில் தண்டுக்கு மேலே மொட்டு. உச்சியில் ஒரே கட்டம், அடியில் இரண்டு கட்ட அகலம். இடது இலையின் கீழ் விளிம்பைப் பத்தாவது வரியில் தண்டை ஒட்டித் தொடங்குங்கள். இடப்பக்கமாக இரண்டு கட்டம், ஒரு வரி மேலே ஏறி இரண்டு கட்டம், இன்னொரு வரி ஏறி இரண்டு கட்டம். அதற்கு மேலே இலையின் சதைக்கு இரண்டு வரி.

வலது இலைக்கு என்ன செய்வது? இடது இலையைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி ஒட்டலாம். பெயிண்டில் அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் நேர் எதிரே ஒட்டினால், பார்க்கிற பிள்ளை சும்மா இருக்காது. "டீச்சர், கொழுந்து இப்படி இருக்காது. ஒரு இலை மேல, ஒரு இலை கீழதான் வரும்." உண்மை. தேயிலைச் செடியில் இலைகள் தண்டின் இரு பக்கமும் மாறிமாறி ஏறும். அதனால் வலது இலையை இரண்டு வரி கீழே இறக்கிப் பன்னிரண்டாவது வரியில் ஒட்ட வேண்டும். அப்போது படம் சட்டென்று தேயிலையாகிவிடும். அம்மா கொழுந்து பறிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எந்த ஓவியப் புத்தகமும் தராத அறிவு இது. அது படத்துக்குள் வரும் இடத்தை நான் எப்போதும் வாய்விட்டுப் பாராட்டுவேன்.

சாய்கோடு ஏன் இரண்டு, இரண்டு, இரண்டு என்று ஏறுகிறது? பிக்சல் ஓவியத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் கைப்பக்குவம் இதில்தான் இருக்கிறது. ஒரே அளவில் படி ஏறினால் கண் அதை நேர்கோடாக வாசிக்கிறது. இரண்டு, ஒன்று, மூன்று, ஒன்று என்று ஏறினால் கோடு பல்லுப்பல்லாக இளிக்கும். வளைவு வேண்டுமானால் படி ஒழுங்காகக் குறைய வேண்டும்: நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. மலைமுகட்டை வரைந்து பாருங்கள். ஒரே ஒரு கட்டம் வரிசை தவறினாலும் அந்த இடத்தில் பாறை நீட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். பாறையே வேண்டுமென்றால் அதை வைத்துக்கொள்ளலாம், தெரிந்து வைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

கட்டம் குறையக் குறைய எதை விடுவது என்கிற கேள்வி பெரிதாகும். 1981இல் டாங்கி காங் என்ற விளையாட்டுக்காக ஷிகேரு மியாமோட்டோ ஒரு தச்சனின் உருவத்தை வரைந்தார். பின்னாளில் மாரியோ என்று உலகமே அறிந்த உருவம். முகத்துக்கு இருந்தது மிகக் கொஞ்சம் கட்டங்கள். வாய் வரைய இடமில்லை, ஆகவே மீசை. தலைமுடி வரைந்தால் குழப்பம், ஆகவே தொப்பி. கை அசைவது உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும், ஆகவே தோள்பட்டை வைத்த உடுப்பு. இடம் போதாமையே அவனுக்கு முகம் கொடுத்தது. எங்கள் பிள்ளைகள் காட்டெருமை வரையும்போதும் இதைத்தான் செய்கிறார்கள். கண்ணும் மூக்கும் 16 கட்டத்தில் நிற்காது. ஆனால் கால்கள் நான்கும் முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருந்தால் போதும், குன்னூரில் யாரும் அதை வீட்டு எருமை என்று சொல்ல மாட்டார்கள்.

நிறத்திலும் கஞ்சமாக இருங்கள். ஒரு பொருளுக்கு மூன்று நிறம் போதும்: நடு நிறம், அதைவிட வெளிர், அதைவிட அடர். வெளிச்சம் இடது மேற்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு வெளிரை அந்தப் பக்கமும் அடர் நிறத்தை எதிர்ப்பக்கமும் வையுங்கள். சுற்றி எல்லா ஓரத்திலும் அடர் நிறம் வைத்தால் எதுவும் தலையணைபோல் உப்பித் தெரியும். கொழுந்தில் மொட்டு எல்லாவற்றையும்விட வெளிராக இருக்க வேண்டும், அதன் மேல் வெள்ளி மாதிரி மெல்லிய ரோமம் உண்டு. அதற்கு மொட்டின் இடது ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம் போதும்.

துணியையும் திரையையும் இணைத்துப் பார்ப்பது என்னுடைய கற்பனை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1984இல் வந்த மாக்கின்டாஷ் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டி, கைக்கடிகாரம், சிரிக்கும் கம்ப்யூட்டர் ஆகிய சின்னங்களை வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டில் 32க்கு 32 என்று அளந்துதான் வேலையைத் தொடங்கினார். கட்டம் எண்ணித் தைக்கும் தையலும், சில்லு பதிக்கும் மொசைக் வேலையும் தனக்கு ஏற்கெனவே பழக்கம், அதனால் கம்ப்யூட்டர் திரை அந்நியமாக இல்லை என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதற்கும் பத்து ஆண்டு முன்பே தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வட்டாரத்தில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும், நம் வாசல் கோலத்தைக் கட்டவரிசை விதிகளாக எழுதிக் கம்ப்யூட்டர் வரைகலைக்கான சர்வதேச இதழில் 1974இல் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற கை ஏற்கெனவே கம்ப்யூட்டர் இலக்கணத்தில்தான் வேலை செய்கிறது என்று அவர்கள் கணிதமாகக் காட்டினார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் எங்கேயாவது மரம் விழுந்து கரண்ட் போய்விடும். அப்போது கம்ப்யூட்டர் இல்லாமலே இதை நடத்துவேன். கணக்குப் பாடத்துக்கு வாங்கின கட்டம் போட்ட நோட்டும் சிவப்பு, கறுப்புப் பேனாவும் போதும். ஒரு பிள்ளை வாசிக்க வேண்டும், மற்றவர்கள் நிரப்ப வேண்டும். "7 வெள்ளை, 1 சிவப்பு, 7 வெள்ளை. அடுத்த வரி: 6 வெள்ளை, 3 சிவப்பு, 6 வெள்ளை. அடுத்தது 5, 5, 5. அடுத்தது 4, 7, 4." நான்காவது வரி வருவதற்குள் யாராவது "மலை!" என்று கத்திவிடுவார்கள். ஃபாக்ஸ் மெஷின் ஒரு பக்கத்தைப் போன் லைன் வழியாக அனுப்புவதும் ஏறக்குறைய இதே முறைதான்: இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு என்று நீளங்களை மட்டும் சொல்வது. தோடர் பெண் இழைகளை எண்ணித் தாண்டுவதும் இதே கணக்கு.

தையலைத் திரைக்குக் கொண்டுவரும்போது ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. பிக்சல் சதுரம். தோடர் தையலில் நூல் ஒரே திசையில் பல இழைகளைத் தாண்டிப் போகிறது, ஆகவே அங்கே ஒரு புள்ளி என்பது படுத்த சிறு கோடு. அதை அப்படியே சதுரக் கட்டத்தில் வைத்தால் வடிவம் நெட்டையாகிவிடும். ஒரு தையலுக்குப் பக்கவாட்டில் இரண்டு மூன்று பிக்சல் கொடுத்துப் பார்த்தால்தான் அசல் முகம் வரும். அந்தத் தையலில் நூல் இறுகிவிடாமல் வேண்டுமென்றே விடப்படும் சிறு புடைப்பு இருக்கிறதே, அது திரையில் வராது. துணியின் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தலாம் என்கிற பெருமையும் வராது. அதைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஊட்டிக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு அசல் துணியைக் காட்டுங்கள்.

அந்த வடிவங்களைக் கணக்குப் பழக மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். டீ-ஷர்ட்டில், கப்பில் அச்சடித்து விற்க நான் விடுவதில்லை. பூத்துக்குளி என்கிற அந்தப் போர்வை தோடர்களுக்கு அன்றாட உடுப்பாகவும் சடங்கு உடுப்பாகவும் இருப்பது. இறந்தவர் உடலையும் அதைக் கொண்டுதான் போர்த்துகிறார்கள். தைத்துப் பிழைக்கும் பெண்களுடைய வேலையைப் பத்து நிமிடத்தில் நகலெடுத்து மலிவாக விற்பது திருட்டு என்றே பிள்ளைகளிடம் சொல்கிறேன். வரைவதற்கு நம்முடையது என்று இந்த மலையில் எவ்வளவோ இருக்கிறது.

தேயிலைச் சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 8க்கு 8 கட்டத்தில் ஒரே ஒரு செடி வரையுங்கள்: மேலே மட்டமாக, வெளிர்ப்பச்சை. மட்டக்கம்பு வைத்துப் பறித்த செடியின் தலை மட்டமாகத்தானே இருக்கும்? கீழே அடர்பச்சை, அடியில் ஒரு வரி மண் நிறம். இப்போது தாளை 64க்கு 64 ஆக்குங்கள். செடியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலை அழுத்தியபடி இழுத்தால் ஒரு நகல் பிரிந்து வரும். எட்டுச் செடியில் ஒரு வரிசை முடியும். அடுத்த வரிசையை நான்கு கட்டம் தள்ளித் தொடங்குங்கள். பழைய வீடியோ கேம்களின் காடும் சுவரும் வானமும் இப்படி ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிச் செய்தவைதான், அந்தக் கால மெஷின்களில் நினைவகம் அவ்வளவு குறைவு. நடுவே ஒன்றிரண்டு சில்வர் ஓக் மரமும் ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதையும் வைத்தால், அடுக்கியது என்று யாருக்கும் தோன்றாது.

எங்கள் மலை ரயிலை வரைய 48க்கு 16 தாள் வேண்டும். நீலமும் க்ரீமும் கலந்த பெட்டிகள் எளிது. எஞ்சினை எங்கே வைப்பது என்பதில்தான் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, ஆகவே மலையேறும் ரயிலை வரைந்தால் புகை கடைசியில்தான் கிளம்ப வேண்டும். 1899இல் இந்தப் பாதை திறந்தபோதிலிருந்து தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்சட்டம், ஒரு கட்டம் கறுப்பு, ஒரு கட்டம் சாம்பல் என்று மாற்றி மாற்றி ஒரே வரியில் வைத்தால் வந்துவிடும்.

மூடுபனிக்கும் அதே மாற்றி வைக்கும் முறை உதவும். வெள்ளையையும் நீலச்சாம்பலையும் சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்று வையுங்கள், பெரிதாக்கிப் பார்க்கும்போது அசிங்கமாக இருக்கும். அசல் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள், இரண்டும் கலந்து மூன்றாவது ஒரு நிறம் தெரியும். மேலே போகப்போக வெள்ளையைக் கூட்டினால் பனி மலையிலிருந்து இறங்கும்.

முடித்ததும் பிஎன்ஜி வகையில் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம். அது போட்டோவுக்கு ஏற்பட்டது, 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து நிறங்களைத் தோராயமாக்கும், உங்கள் கூரான ஓரங்களைச் சுற்றி அழுக்குப்போல் தூசி படியும். முதலில் சின்ன அளவிலேயே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அப்புறம் பெரிதாக்குங்கள். 200, 300, 400 என்று முழு மடங்கில் போங்கள். 150 சதவீதம் என்று கொடுத்தால் சில கட்டம் பெருக்கும், சில கட்டம் பெருக்காது, இலை கோணிக்கொள்ளும். பெயிண்ட் ஒரு தடவையில் 500 சதவீதத்துக்கு மேல் விடாது, இன்னும் வேண்டுமானால் மறுபடி ஒருமுறை பெரிதாக்கலாம். கோத்தகிரியில் இருக்கும் பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால், போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் வழியிலேயே ஜேபெக் ஆகிவிடும்.